ஸ்பேம் தொல்லை: ஜிமெயிலையே மொத்தமாக பிளாக் பண்ணினால் என்ன ஆகும்?

பெரிய மெயில் நிறுவனங்கள் வழியாகவே ஸ்பேம் வருகிறது. சின்ன சர்வர் நடத்துபவர்கள் அவற்றுக்குக் கதவைச் சாத்தலாமா? 1997 முதல் இன்று வரை நடந்தது என்ன? முழு விளக்கம்.

"உங்கள் வெப்சைட்டை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம்" என்று ஒரு மெயில். நீங்கள் கேட்காத கடனுக்கு 'அப்ரூவ் ஆகிவிட்டது' என்று இன்னொன்று. வாங்காத பொருளுக்கு பில் போட்டு மூன்றாவது. அனுப்பியவரின் முகவரியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பல நேரம் அது பெயர் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியாக இருக்காது. ஜிமெயிலாக இருக்கும், இல்லையென்றால் அவுட்லுக்காக இருக்கும்.

நமக்கு இது விரலால் தள்ளிவிட்டுப் போகிற விஷயம். ஆனால் கல்லூரி, மருத்துவமனை, சின்ன ஹோஸ்டிங் கம்பெனி என்று சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறவர்களுக்கு இது தினசரித் தலைவலி. அவர்கள் மத்தியில் ரொம்ப வருடமாகவே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: "ஸ்பேம் அனுப்புகிறவன் சின்ன கம்பெனியாக இருந்தால் உடனே பிளாக் பண்ணுகிறோம். அதையே பெரிய கம்பெனி செய்தால் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?"

கேள்வியில் நியாயம் இருக்கு. ஆனால் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. ஏன் என்று பார்க்கலாம் வாங்க.

மெயில் எப்படி வந்து சேருகிறது?

வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பினால் அது ஒரே நிறுவனத்துக்குள்ளேயே போய்ச் சேருகிறது. மெயில் அப்படி இல்லை. உங்கள் கல்லூரியின் சர்வர், கூகுளின் சர்வர், ஒரு வங்கியின் சர்வர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி தபால் நிலையம் மாதிரி. ஒரு தபால் நிலையம் இன்னொன்றின் கதவைத் தட்டி, "உங்கள் ஊர்க்காரருக்கு ஒரு கடிதம் இருக்கு, வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த உரையாடலுக்கான விதிமுறையின் பெயர் எஸ்.எம்.டி.பி. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதியது. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். ஒருவரை ஒருவர் நம்பலாம் என்ற நிலை. அதனால் கடிதத்தைக் கொண்டு வருபவர் உண்மையிலேயே அவர்தானா என்று சோதிக்கும் வழி அந்த விதிமுறையில் இல்லை.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. எந்த சர்வரும் எந்தக் கடிதத்தையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பலாம். அப்படித் திருப்பும்போது 550 போன்ற ஒரு எண்ணைச் சொல்லும். அனுப்பியவருக்கு 'உங்கள் மெயில் போய்ச் சேரவில்லை' என்று ஒரு தகவல் வரும். இதைத்தான் பிளாக் என்கிறோம். உலகம் முழுவதற்கும் சேர்த்து இதை முடிவு செய்ய மேலதிகாரி யாரும் இல்லை. அவரவர் வாசலுக்கு அவரவர்தான் காவல்.

பிளாக்லிஸ்ட் எப்படி வந்தது?

முதல் ஸ்பேம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1978 மே மாதம் அனுப்பப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிறுவனத்தின் கேரி தூர்க், தங்கள் புதிய கம்ப்யூட்டர்களுக்கு விளம்பரமாக சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டார். திட்டு வாங்கினார். விற்பனையும் நடந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஸ்பேம் இன்று வரை ஒழியாததன் காரணமும் அதுதான். அனுப்புகிறவருக்குச் செலவு சொற்பம். பத்தாயிரத்தில் ஒருவர் ஏமாந்தாலும் லாபம். செலவெல்லாம் வாங்குகிற பக்கத்துக்கு: சர்வர் இடம், வடிகட்டும் மென்பொருள், உட்கார்ந்து நீக்குகிறவரின் நேரம்.

1990-களில் இணையம் பொதுமக்களுக்கு வந்ததும் ஸ்பேம் வெள்ளமாகப் பெருகியது. 1997-ல் பால் விக்ஸி உள்ளிட்ட சிலர் மேப்ஸ் என்ற அமைப்பு மூலம் ஒரு பட்டியலை வெளியிடத் தொடங்கினார்கள். ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'ஸ்பேம்' என்று வரும்படி வைத்த பெயர் அது. ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் ஐ.பி. எண்கள் அந்தப் பட்டியலில் இருக்கும். உங்கள் சர்வர் ஒவ்வொரு மெயிலையும் வாங்கும் முன் அந்தப் பட்டியலை ஒரு நொடியில் கேட்டுப் பார்க்கும். பெயர் இருந்தால் கதவு திறக்காது.

அடுத்த ஆண்டே, 1998-ல், ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் வந்தது. இன்றும் உலகில் அதிகம் நம்பப்படும் பிளாக்லிஸ்ட்களில் அது ஒன்று.

இந்த முறை நன்றாக வேலை செய்த தருணங்கள் உண்டு. 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் இருந்த மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைய இணைப்பை, அதற்கு இணைப்பு கொடுத்த நிறுவனங்களே துண்டித்தன. ஸ்பேம் அனுப்பும் பெரிய வலைகளை இயக்கும் கம்ப்யூட்டர்கள் அங்கேதான் இருந்தன. ஒரே நாளில் உலக அளவில் ஸ்பேம் பாதிக்கும் கீழே இறங்கியதாகக் கண்காணிப்பு நிறுவனங்கள் பலவும் சொல்லின. சில மாதங்களில் ஸ்பேமர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

ஆனால் கவனிங்க, மெக்கோலோவைத் துண்டித்ததால் சாதாரண மக்கள் யாரும் பெரிதாகப் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அங்கே நல்ல வாடிக்கையாளர்கள் இருந்தாலும் மிகக் குறைவு. ஜிமெயில் விஷயம் அப்படியே தலைகீழ்.

பெரிய நிறுவனம் என்றால் என்ன சிக்கல்?

ஜிமெயிலில் 150 கோடி பேர் இருப்பதாக 2018-லேயே கூகுள் அறிவித்தது. அவர்கள் எல்லோருடைய மெயிலும் கூகுளின் அதே சர்வர்கள் வழியாகத்தான் வெளியே போகிறது. உங்கள் அம்மா அனுப்புவதும், வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் அனுப்புவதும், போலி பில் அனுப்பும் ஆசாமி அனுப்புவதும் ஒரே வாகனத்தில் வருகிறது. வாகனத்தின் எண்ணை வைத்து பிளாக் பண்ணினால் மூவரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல், ஜிமெயிலை பிரவுசரில் திறந்து ஒருவர் அனுப்பும் மெயிலில், அவர் எந்த இணைப்பிலிருந்து அனுப்பினார் என்ற ஐ.பி. எண் பெறுபவருக்குத் தெரியாது. பயனாளரின் தனியுரிமையைப் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஸ்பேமைத் தடுக்க நினைக்கும் ஆபரேட்டருக்குக் கண்ணில் தெரிவது 'கூகுள்' என்ற ஒரே பெயர்தான்.

மூன்றாவது, மெயில் போலியா இல்லையா என்று சோதிக்க எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்று மூன்று முறைகள் இருக்கு. 'இந்த மெயில் உண்மையிலேயே இந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்துதான் வந்ததா?' என்பதை இவை சரிபார்க்கும். ஜிமெயிலில் கணக்கு தொடங்கி அனுப்பும் ஸ்பேமர் இந்த மூன்றிலும் பாஸ்! மெயில் உண்மையிலேயே கூகுளிலிருந்துதானே வருகிறது. முத்திரை அசல், உள்ளே இருக்கும் சரக்குதான் கலப்படம்.

இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் ஆயிரம் கணக்கு தொடங்குகிறவனுக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை.

மைக்ரோசாஃப்ட்டிலும் இதே கதைதான். புதிதாக கம்பெனி கணக்கு தொடங்குகிறவர்களுக்கு அது 'ஆன்மைக்ரோசாஃப்ட்' என்று முடியும் ஒரு முகவரியைத் தருகிறது. ஸ்பேமர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் 2025-ல், இந்த வகை முகவரிகளிலிருந்து ஒரு நிறுவனம் 24 மணி நேரத்தில் வெளியாட்கள் 100 பேருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மைக்ரோசாஃப்ட் கட்டுப்பாடு அறிவித்தது.

'பிளாக் பண்ணுங்க' என்பவர்கள் சொல்வது என்ன?

அவர்கள் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வலிக்காமல் யாரும் திருந்த மாட்டார்கள்.

தன் பயனாளர்களுக்கு உள்ளே வரும் ஸ்பேம், ஃபிஷிங், வைரஸ் மெயில்களில் 99.9 சதவீதத்துக்கு மேல் தடுப்பதாக கூகுள் சொல்கிறது. நாளொன்றுக்கு கிட்டத்தட்ட 1,500 கோடி வேண்டாத மெயில்களைத் தடுக்கிறதாம். உள்ளே வருவதைப் பிடிப்பதில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்கும்போது, வெளியே போவதைப் பிடிப்பதில் ஏன் அதே வேகம் இல்லை என்பதுதான் ஆபரேட்டர்களின் கேள்வி. உள்ளே ஸ்பேம் வந்தால் கூகுளின் வாடிக்கையாளர் கோபப்படுவார். வெளியே போனால் கோபப்படுவது வேறு யாரோ.

ஒவ்வொரு மெயில் நிறுவனமும் புகார்களைக் கேட்க 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு முகவரி வைத்திருக்க வேண்டும் என்பது 1997-லேயே எழுதப்பட்ட இணைய நடைமுறை. பெரிய நிறுவனங்களுக்குப் புகார் அனுப்பினால் தானியங்கி பதில் மட்டும்தான் வருகிறது, மனிதர் யாரும் பேசுவதில்லை என்பது சின்ன ஆபரேட்டர்களின் நெடுநாள் குறை.

வரலாறும் அவர்களுக்குச் சாதகமாக இருக்கு. மெயிலுக்குத் தம்பி மாதிரி இருந்த யூஸ்நெட் என்ற விவாத வலையில் 1997-ல் ஒரு சம்பவம் நடந்தது. அன்று உலகின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களில் ஒன்று யூயூநெட். அதன் வழியாக ஸ்பேம் குவிந்தது. புகார் சொல்லியும் பலன் இல்லை. உடனே தன்னார்வ நிர்வாகிகள் கூடி, அந்த நிறுவனத்திலிருந்து வரும் எல்லாப் பதிவுகளையும் ரத்து செய்யப் போவதாக முன்கூட்டியே அறிவித்தார்கள். இந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரே 'யூஸ்நெட் மரண தண்டனை'. ஆகஸ்ட் 1-ம் தேதி தொடங்கியது. யூயூநெட் முதலில் வழக்கு போடுவோம் என்றது. ஆனால் ஸ்பேமைத் தடுக்க நடவடிக்கை எடுத்ததும் சில நாட்களிலேயே தடை விலக்கப்பட்டது.

அமெரிக்காவின் காம்காஸ்ட் இன்னொரு உதாரணம். வைரஸ் புகுந்த அதன் வாடிக்கையாளர்களின் வீட்டு கம்ப்யூட்டர்கள் ஸ்பேமைக் கொட்டிக்கொண்டிருந்தன. புகார்கள் குவிந்த பிறகு, 2004-ல் அதிகம் ஸ்பேம் அனுப்பும் இணைப்புகளில் சர்வர்கள் பயன்படுத்தும் 25-ம் எண் போர்ட்டை அந்த நிறுவனம் மூடத் தொடங்கியது. ஆக, மனது வைத்தால் பெரியவர்களாலும் முடியும்.

அப்படின்னா இப்பவும் அதையே செய்யலாமே?

இங்கேதான் கணக்கு மாறுகிறது. 1997 நடவடிக்கை பலித்ததற்கு நான்கு காரணங்கள் இருந்தன. அது ஒருவர் செய்ததல்ல, பலர் சேர்ந்து செய்தது. முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தது. என்ன செய்தால் தடை நீங்கும் என்பது தெளிவாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், தடுக்கப்பட்டவருக்குத் தடுத்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

இந்தக் கடைசி விஷயம் இன்று இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 3,000 மாணவர்கள் படிக்கும் ஒரு கல்லூரி, தன் சர்வரில் ஜிமெயிலை பிளாக் பண்ணுகிறது. நாளைக்கு ஜிமெயிலிலிருந்து 1,000 மெயில் வருகிறது, அதில் 50 ஸ்பேம் என்று வைத்துக்கொள்வோம். 50 ஸ்பேம் நிற்கும். கூடவே 950 நல்ல மெயிலும் நிற்கும். அட்மிஷன் பற்றி விசாரிக்கும் பெற்றோர், சான்றிதழ் கேட்கும் பழைய மாணவர், கூகுள் வழியாக மெயில் நடத்தும் கம்பெனியிலிருந்து வரும் வேலை உத்தரவு, எல்லாம் அதில் அடக்கம்.

இப்போது போன் யாருக்கு வரும்? கூகுளுக்கா? இல்லை. கல்லூரி அலுவலகத்துக்குத்தான். "எல்லோருக்கும் மெயில் போகுது, உங்களுக்கு மட்டும் ஏன் போகல?" என்றுதான் கேட்பார்கள். கூகுளின் 150 கோடி பேரில் 3,000 பேரைத் தொடர்புகொள்ள முடியாமல் போனது, கூகுளின் எந்த மீட்டிங்கிலும் பேசப்படாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால், மூட்டைப்பூச்சி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். வீடு மட்டும்தான் போகும்.

பெரிய அளவில் பிளாக் செய்த நிறுவனமே சிக்கிக்கொண்ட கதையும் உண்டு. 2004 இறுதியில் அமெரிக்காவின் வெரைசன், ஸ்பேமைத் தடுக்கிறோம் என்று ஐரோப்பாவிலிருந்து வந்த மெயில்களைப் பரவலாகத் தடுத்தது. உறவினர் மெயில், தொழில் மெயில் எதுவும் வந்து சேரவில்லை. வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் வெரைசன் இழப்பீடு தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது.

ஜோஹோவுக்கு நடந்தது ஞாபகம் இருக்கா?

சிலரின் தவறுக்காக ஒரு பெரிய சேவையையே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு, சென்னையில் வேர்விட்டு வளர்ந்த ஜோஹோவே உதாரணம்.

2018 செப்டம்பர் 24. ஜோஹோவின் இணைய முகவரியைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனமான டியராநெட், அந்த முகவரியையே முடக்கியது. காரணம், ஜோஹோ மெயில் கணக்குகளிலிருந்து ஃபிஷிங் மெயில் போகிறது என்ற புகார். எத்தனை புகார் தெரியுமா? இரண்டு மாதத்தில் வந்தவை மூன்றே மூன்று என்றும், இரண்டில் ஏற்கெனவே நடவடிக்கை எடுத்தாகிவிட்டது, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்றும் ஜோஹோ சொன்னது.

ஆனால் முடக்கம் எல்லோரையும் தாக்கியது. கோடிக்கணக்கான பயனாளர்கள் கொண்ட சேவை அது. மெயில், கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் விவரம் என்று தொழிலையே அதில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் மணிக்கணக்கில் தவித்தார்கள். அப்போது சி.இ.ஓ.வாக இருந்த ஸ்ரீதர் வேம்பு, ட்விட்டரில் பொதுவெளியில் உதவி கேட்க வேண்டிய நிலை. பிறகு அந்த நிறுவனத்தை விட்டே ஜோஹோ வெளியேறியது.

அதற்காக ஜோஹோ மீது வந்த குறை பொய் என்று சொல்ல முடியாது. அதே காலகட்டத்தில், கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வதைத் திருடும் மென்பொருள்கள், திருடிய தகவலை அனுப்ப ஜோஹோவின் இலவச மெயில் கணக்குகளைப் பயன்படுத்துவதாக கோஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் சுட்டிக்காட்டியது. இலவசக் கணக்குக்கும் மொபைல் எண் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவது உள்ளிட்ட நடவடிக்கைகளை ஜோஹோ அறிவித்தது. நோய்க்கு மருந்து அந்த இடத்தில்தான் இருந்தது: கணக்கு தொடங்கும் வாசலில். மொத்த முகவரியையும் முடக்கியதில் இல்லை.

இன்று இதே சம்பவம் நடந்தால் விளைவு இன்னும் பெரிதாக இருக்கும். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் இப்போது ஜோஹோவின் தளத்தில்தான் இயங்குகிறது.

பெரியவர்கள் மட்டும் பிளாக் பண்ணலாமா?

பிளாக் என்பது எதிர்த்திசையில் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கு. அதுவும் சத்தமில்லாமல்.

2023 அக்டோபரில் கூகுளும் யாகூவும் ஓர் அறிவிப்பு வெளியிட்டன. அதன்படி 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பயனாளர்களுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் மேலே சொன்ன மூன்று சோதனை முறைகளையும் வைத்திருக்க வேண்டும். விளம்பர மெயிலிலிருந்து ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். அதாவது ஆயிரம் மெயிலில் மூன்று பேர் 'ஸ்பேம்' என்று அழுத்தினாலே ஆபத்து. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே மாதிரி விதியைக் கொண்டு வந்தது.

விதிகள் நல்லவைதான். ஆனால் சின்ன ஆபரேட்டர்கள் பக்கம் நின்று பார்த்தால் ஓர் அநீதி தெரியும். புதிய சர்வர் என்பதாலேயே மெயில் நேரே ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும். பக்கத்து ஐ.பி.யில் யாரோ செய்த தவறுக்கு இவர் தண்டனை வாங்குவார். ஜெர்மனியின் டி-ஆன்லைன் மாதிரி சில சேவைகள், முன்பின் தெரியாத சர்வர் என்றால் முதலிலேயே திருப்பிவிடும். நடத்துபவர் யார் என்ற விவரத்தோடு எழுதிக் கேட்டால்தான் கதவு திறக்கும்.

ஆக, சின்னவர் பெரியவரை பிளாக் பண்ணினால் நஷ்டம் சின்னவருக்கு. பெரியவர் சின்னவரை பிளாக் பண்ணினாலும் நஷ்டம் சின்னவருக்கே. இந்த விரக்தியில்தான் பலரும் சொந்த சர்வரை மூடிவிட்டு கூகுளுக்கோ மைக்ரோசாஃப்ட்டுக்கோ மாறிவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் தபால் நிலையம் நடத்தலாம் என்று தொடங்கிய மெயில், நாலைந்து பேர் கைக்குள் சுருங்குவதுதான் இதில் உண்மையான இழப்பு. நாளை அந்த நாலைந்து பேரில் ஒருவர் உங்கள் கணக்கை முடக்கினால், முறையிட வேறு கதவு இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 2003-ல் கேன்-ஸ்பேம் என்ற சட்டம் வந்தது. இந்தியாவில் மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மெயில், அனுப்பியவர் யார் என்பதை மறைக்கும் மெயில் பற்றி ஒரு வரி இருந்தது. கருத்துரிமைக்கு எதிரானது என்று அந்தப் பிரிவு முழுவதையும் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது பெரிய வெற்றி. அதோடு சேர்ந்து அந்த வரியும் போனது.

டிராய் 2018-ல் கொண்டு வந்த விதிமுறைகள் விளம்பர எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் போன் அழைப்புக்கும்தான். மெயிலுக்குப் பொருந்தாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தகவலைப் பயன்படுத்த ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் அது ஸ்பேமுக்கு என்று எழுதப்பட்ட சட்டம் அல்ல.

பிளாக்லிஸ்ட் நடத்துபவர் மீது வழக்கு போடலாமா? போட்டிருக்கிறார்கள். தங்களை ஸ்பேமர் பட்டியலில் சேர்த்ததற்காக இ360 என்ற அமெரிக்க மார்க்கெட்டிங் நிறுவனம் ஸ்பாம்ஹவுஸ் மீது வழக்கு தொடர்ந்தது. ஸ்பாம்ஹவுஸ் தரப்பு வழக்கைத் தொடர்ந்து நடத்தாததால், 2006-ல் 1.17 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லி இல்லினாய் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2011-ல் அந்தத் தொகை எவ்வளவானது தெரியுமா? வெறும் 3 டாலர்!

அப்போ ஆபரேட்டர்கள் என்னதான் செய்வது?

மொத்தமாகக் கதவைச் சாத்துவதற்கும், எல்லாவற்றையும் அனுமதிப்பதற்கும் நடுவில் நிறைய வழிகள் இருக்கு.

முதலாவது, சர்வரின் பெயரை மட்டும் பார்க்காமல் மெயிலைப் பார்ப்பது. கூகுளிலிருந்து வந்தது என்பதற்காகச் சலுகையும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம். உள்ளே இருக்கும் லிங்க், இணைப்பு, பதில் அனுப்பச் சொல்லும் முகவரி ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு முடிவெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, ஆளைப் பார்த்துத் தடுப்பது. ஜிமெயில் மொத்தமும் வேண்டாம், தொல்லை கொடுக்கும் குறிப்பிட்ட முகவரி மட்டும் போதும். அதே நேரம், உங்கள் பயனாளர் ஏற்கெனவே மெயில் அனுப்பிப் பேசியிருக்கும் முகவரிகளுக்கு எப்போதும் வழி விடலாம்.

மூன்றாவது, தடுத்தால் சொல்லிவிட்டுத் தடுப்பது. மெயிலை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் குப்பையில் போடுவதுதான் மிக மோசம். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பார், பெறுபவருக்கு வந்ததே தெரியாது. திருப்பி அனுப்பினால், காரணத்தையும் தொடர்புகொள்ளும் வழியையும் அதிலேயே எழுதலாம்.

நான்காவது, சேர்ந்து பேசுவது. 1997-ன் உண்மையான பாடம் இதுதான். ஒரு கல்லூரி தனியாக பிளாக் பண்ணினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பல பல்கலைக்கழகங்களும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஆதாரத்தோடு, கெடு வைத்துக் கேட்டால் அதற்கு எடை இருக்கும்.

கேட்க வேண்டியதும் தெளிவாகவே இருக்கு. மற்றவர்களுக்கு 0.3 சதவீதம் என்று அளவுகோல் வைக்கும் நிறுவனங்கள், தங்களிடமிருந்து வெளியே போகும் மெயிலில் எத்தனை சதவீதம் ஸ்பேம் என்பதையும் வெளியிடட்டும். புகார் சொன்னால் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று பதில் தரட்டும். தவறாகத் தடுக்கப்பட்ட சின்ன ஆபரேட்டர் பேச ஒரு மனிதரை நியமிக்கட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஸ்பேமை வெறுமனே டெலீட் பண்ணாதீங்க, 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்துங்க. நிறுவனங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது அந்த எண்ணிக்கையைத்தான்.

நீங்களே பதிவு செய்த கடை, செயலியிலிருந்து விளம்பரம் வந்தால் 'அன்சப்ஸ்கிரைப்' போதும். அதை ஸ்பேம் என்று அழுத்தினால், நியாயமாக அனுப்புகிறவரும் மாட்டிக்கொள்வார். முன்பின் தெரியாதவர் அனுப்பிய மெயிலில் இருக்கும் 'அன்சப்ஸ்கிரைப்' லிங்க்கைத் தொடவே வேண்டாம். அது உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிவிடும்.

வாரம் ஒரு முறையாவது ஸ்பேம் ஃபோல்டரை எட்டிப் பாருங்க. சின்ன கம்பெனியின் வேலை உத்தரவோ, கல்லூரியின் கடிதமோ அங்கே மாட்டியிருக்கலாம். இருந்தால் 'ஸ்பேம் அல்ல' என்று அழுத்துங்க. அடுத்த முறை அந்தச் சின்ன சர்வருக்கு அது உதவும்.

முடிவாக, பிளாக் பண்ணலாமா கூடாதா?

உரிமை இருக்கிறதா என்றால், இருக்கு. ஒவ்வொரு ஆபரேட்டரும் தன் வாசலைத் தானே காக்கலாம். புத்திசாலித்தனமா என்றால், தனி ஆளாகச் செய்யும்போது இல்லை. தடை என்பது, தடுக்கப்படுகிறவருக்கு உங்களிடம் ஏதாவது தேவை இருந்தால் மட்டுமே வேலை செய்யும் ஆயுதம். இன்று பெரிய மெயில் நிறுவனங்களுக்குச் சின்ன சர்வர்களிடம் அப்படி ஒரு தேவை இல்லை. அதனால் அடி விழுவது தவறு செய்தவர் மீது இல்லை. அட்மிஷன் பற்றிக் கேட்ட பெற்றோர் மீதும், வேலை உத்தரவுக்குக் காத்திருப்பவர் மீதும்தான்.

அதே சமயம், 'அவர்கள் பெரியவர்கள், அதனால் பொறுத்துப் போவோம்' என்பதும் பதில் இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஸ்பேம் குறையாது. பூட்டு போடுவதை விட்டுவிட்டு, கூட்டாகக் கணக்கு கேட்பதுதான் சின்ன ஆபரேட்டர்களிடம் மிச்சமிருக்கும் பலம்.